ஊட்டியில் பழைய டீசல் அம்பாசடர்: கரும்புகை, காலை ஸ்டார்ட்டிங் தொல்லை, என்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

நீலமலைவாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2003 மாடல் அம்பாசடர். இசுசு 2.0 லிட்டர் டீசல் என்ஜின், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ கிடையாது. திருநெல்வேலியில் ஓடியவரை குறை சொல்ல இடம் தராத வண்டி. மாற்றலாகி ஊட்டிக்கு வந்ததிலிருந்து தொல்லைதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குன்னூர் நெருங்கியதுமே கரும்புகை தொடங்குகிறது. அருவங்காடு, எல்லநள்ளி தாண்டுவதற்குள் பின்னால் வருபவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். இழுவையும் இல்லை. காலையில் செல்ஃப் வெகுநேரம் சுற்றிய பிறகே என்ஜின் பிடிக்கிறது. பிடித்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகையோடு தட்டித் தட்டி ஓடி, பிறகு சரியாகிறது. புகைப் பரிசோதனையிலும் தேறவில்லை.

இங்கே ஒரு பட்டறையில் கம்ப்ரெஷன் பார்த்தோம். நான்கு சிலிண்டரும் முறையே சதுர சென்டிமீட்டருக்கு 21, 21.5, 20.5, 21 கிலோ. அதைத் திருநெல்வேலியில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் சொன்னேன். “28 இருக்க வேண்டிய இடத்தில் 21 என்றால் என்ஜின் போய்விட்டது, சிலிண்டரைப் போரிங் செய்து பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டும்” என்கிறார். பெரிய செலவு. வண்டியை விற்க மனமில்லை. அவர் சொல்வது சரிதானா?

கோத்தகிரியான்:

என்ஜினைப் பிரிக்காதீர்கள். சமவெளியிலிருந்து மலைக்கு வந்த டீசல் வண்டிகள் பலவற்றுக்கும் இதே தீர்ப்பைத்தான் எழுதுகிறார்கள். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அடுத்து சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில், அதற்கடுத்து நாசிலுக்கு டீசலை அனுப்பும் பம்ப். இங்கே பம்ப் வேலை தெரிந்த ஐயா ஒருவர் இருக்கிறார், அவர் வந்து விரிவாகச் சொல்வார்.

கோவை பம்ப் பட்டறை:

தம்பி, உங்கள் கம்ப்ரெஷன் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பெரிய செலவுக்கு வழி வைத்திருப்பது அதுதான்.

கம்ப்ரெஷன் மீட்டர் அளப்பது, சிலிண்டருக்குள் வந்த காற்றை எத்தனை மடங்கு அழுத்தினோம் என்பதைத்தான். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தமே குறைவாக இருந்தால், மீட்டரும் அதே விகிதத்தில் குறைவாகத்தான் காட்டும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1013 மில்லிபார். ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே அது ஏறத்தாழ 770. அதாவது 76 சதவீதம். சமவெளியில் 28 கிலோ காட்டும் நல்ல என்ஜினை ஊட்டிக்குக் கொண்டுபோய் அளந்தால் 21, 21.5தான் காட்டும். நீங்கள் எழுதியிருப்பதும் அதேதான். நான்கு சிலிண்டருக்கும் இடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இல்லை. தேய்ந்த என்ஜினில் நான்கும் இப்படிச் சேர்ந்து நிற்காது, ஒன்றிரண்டு கீழே விழுந்திருக்கும். ரிங் போன என்ஜின் ஆயிலையும் குடிக்கும். ஆயில் குறைகிறதா? இல்லையென்றால் இந்த என்ஜினைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இனி கரும்புகை. உங்கள் பம்ப் முழுக்க முழுக்க இயந்திர வகை. மிதியை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அதற்குரிய டீசலை அளந்து அனுப்பும். மேட்டுப்பாளையமா ஊட்டியா என்பது அதற்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் என்ஜினுக்குள் போகும் காற்று ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டீசல் அதே அளவு, காற்று குறைவு. விறகை அதிகமாகத் திணித்த அடுப்பு போலத்தான்: எரிவதைவிடப் புகைவதே அதிகம். எரியாத டீசல் கரியாக வெளியே வருகிறது, உங்கள் பணமும் அதோடு போகிறது.

புகையோடு நின்றாலும் பரவாயில்லை. ஏற்றத்தில் மிதியை முழுக்க அழுத்திக்கொண்டே ஏறும்போது புகைபோக்கிப் பக்கத்துச் சூடு எல்லை மீறிப் போகும். பிஸ்டன் தலையும், ஹெட்டுக்குள் இருக்கும் முன் எரிப்பு அறையும் விரிசல் விடுவது இப்படித்தான். மலையில் ஓடிய பல ஹெட்டுகளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். விரிசல் விட்டவற்றில் பெரும்பாலானவை வருடக்கணக்கில் கரும்புகையோடு ஓடியவை.

ஆகவே டீசலைக் குறைக்க வேண்டும். பம்ப்பின் முழு லோடு ஸ்குரூ ஒன்று இருக்கிறது, லாக் நட் போட்டு சீல் வைத்திருக்கும். அதைக் கொஞ்சம் வெளியே எடுத்தால் முழு மிதியில் போகும் டீசல் குறையும். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. அதைத் திருப்பினால் ஐட்லிங்கும் மாறும், அதையும் சேர்த்துச் சரி செய்ய வேண்டும். கை பழகாதவர் தொட வேண்டாம். பம்ப் அனுப்பும் டீசலை அளந்து சரிசெய்யும் கலிப்ரேஷன் பெஞ்ச் இருக்கும் பட்டறையில் கொடுத்து, “வண்டி ஊட்டியில் நிரந்தரமாக ஓடுகிறது” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் புத்தகத்தில் இருக்கும் சமவெளி அளவையே வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நீலமலைவாசி:

ஐயா, மிக்க நன்றி. ஆயில் குறைவதே இல்லை. ஒரு சந்தேகம். ஏற்கெனவே இழுவை இல்லை என்கிறேன், டீசலையும் குறைத்தால் ஏற்றத்தில் நின்றுவிடாதா?

கோவை பம்ப் பட்டறை:

நிற்காது. இப்போது கரியாகப் போகும் டீசல் உங்களை இழுக்கவில்லை. அதை நிறுத்துவதால் இழுவை போகாது. டர்போ இல்லாத என்ஜினுக்கு ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தி குறையும். ஊட்டிக்குக் கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது, டர்போ மட்டும்தான் தரும். மூன்றாம் கியரில் ஏறிய ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறுங்கள். மிதியை முக்கால் வரை அழுத்தினால் போதும். அதற்கு மேல் அழுத்தும்போது புகைதான் கூடும், வேகம் கூடாது. பின்பக்கக் கண்ணாடியில் புகை தெரிந்த உடனே காலைத் தளர்த்தப் பழகிக்கொள்ளுங்கள்.

நுவரெலியா வான்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நுவரெலியா 1868 மீட்டர், உங்கள் ஊரைவிடச் சற்றுத் தாழ்வு. எங்கள் பக்கம் இன்னும் பழைய டொயோட்டா டீசல் வான்கள் நிறைய ஓடுகின்றன. கொழும்பிலிருந்து றம்பொடை வழியாக ஏறி வரும் வாகனங்களில் ஐயா சொல்லும் இதே புகையைத் தினமும் பார்க்கிறோம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில ஜப்பான் பம்ப்களின் மேலே சிறிய வட்டமான பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே காற்றுப் புகாமல் மூடிய உலோகச் சுருக்குப்பை. மேலே போகப் போக அது விரிந்து, ஒரு ஊசியைத் தள்ளி, டீசலைத் தானாகவே குறைக்கும். மலைக்கென்றே செய்த ஏற்பாடு. பழைய வாகனங்களில் இந்தப் பை ஓட்டையாகிவிடும், அல்லது யாரோ ஒருவர் “இது எதற்கு?” என்று அடைத்து வைத்திருப்பார். வாங்கும்போது பம்ப்பின் மேல் அந்தப் பெட்டி இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை பம்ப் பட்டறை:

நல்ல தகவல், அண்ணா. போஷ் பம்ப்களிலும் அந்த ஏற்பாடு உண்டு. ஆனால் இந்தியச் சந்தைக்கு வந்த பழைய கார்களின் மைக்கோ பம்ப்களில் நான் அதைப் பார்த்ததில்லை. இங்கே ஸ்குரூதான் வழி.

கொடை ஜீப்:

கொடைக்கானலில் பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருக்கிறேன். இதற்கெல்லாம் எளிய வழி இருக்கிறது. காலை ஸ்டார்ட்டிங்குக்கு டேங்கில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து விடுங்கள். ஏற்றத்தில் சூடேறாமல் இருக்க, என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள். என் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் ஓட்டுகிறோம்.

கோவை பம்ப் பட்டறை:

தம்பி, இரண்டையும் மறுக்கிறேன், காரணத்தோடு.

மண்ணெண்ணெய் முதலில். அம்பாசடரில் இருப்பது போன்ற டிஸ்ட்ரிபியூட்டர் பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே சுற்றும் டீசல்தான் அதற்கு ஆயில். நான்கு சிலிண்டருக்கும் ஒரே பிளஞ்சர், தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் ஓடுகிறது. மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு மிகக் குறைவு. அது பிளஞ்சரைச் சுரண்டும். சுரண்டிய பம்ப்பின் அடையாளம் என்ன தெரியுமா? சூடான பிறகு வண்டியை நிறுத்திவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. டீசல் சூட்டில் இளகி அந்தத் தேய்ந்த இடைவெளி வழியாகக் கசிந்துவிடும். மலைப் பாதையில் தேநீர் குடிக்க நிறுத்திய வண்டி கிளம்பாமல் நின்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பில் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் உள்ள வரிசைப் பம்ப் இருந்து, அதற்குத் தனி ஆயில் ஊற்றும் வகையாக இருந்தால் அது கொஞ்சம் அதிகம் தாங்கும். அப்பா காலத்தில் தாங்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்போதைய டீசலில் கந்தகமும் அதிகம். பி.எஸ்.-3 (பாரத் ஸ்டேஜ்) காலத்தில் 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வரும் பி.எஸ்.-6 டீசலில் 10 பி.பி.எம்.தான். கந்தகத்தை நீக்கும்போது வழவழப்பும் குறைகிறது. அதற்கு ஈடாகக் கம்பெனிகள் மருந்து சேர்த்துத்தான் விற்கின்றன. அதில் மண்ணெண்ணெயை ஊற்றினால் அந்த மருந்தையும் நீர்த்துப்போகச் செய்கிறோம். மேலும், டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படி குற்றம்.

தெர்மோஸ்டாட் இன்னும் முக்கியம். அதைக் கழற்றிவிட்டால் மலைக் குளிரில் என்ஜின் தன் சூட்டுக்கு வரவே வராது. குளிர்ந்த சுவரில் டீசல் முழுதாக எரியாமல் வழிந்து ஆயிலில் கலக்கும். சிலிண்டர் தேய்மானம் கூடும். ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் நின்றதும் வெள்ளைப் புகை வரும். சமவெளி வெயிலில் இந்தத் தவறு உடனே தெரியாது, மலையில் தெரியும். ஏற்றத்தில் சூடேறுகிறது என்றால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது: ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த ஃபேன் பெல்ட், அல்லது ரேடியேட்டர் மூடி.

நீலமலைவாசி:

மூடியா? அதில் என்ன இருக்கிறது?

கோத்தகிரியான்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஐயாவுக்குக் கை வலிக்கும்.

ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே சோறு வேக நேரமாவது அதனால்தான். தெர்மோஸ்டாட் திறப்பது 82 டிகிரியை ஒட்டி. ஆக, மூடியின் ரப்பர் காய்ந்து காற்றுக் கசிந்தால், தெர்மோஸ்டாட் திறந்து கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டர் கொதிக்கும். மீட்டரில் முள் இன்னும் நடுவில்தான் இருக்கும், முன்னால் ஆவி வரும். மூடி 0.9 பார் அழுத்தத்தைச் சரியாகப் பிடித்தால் அதே தண்ணீர் ஊட்டியிலும் 114 டிகிரி வரை கொதிக்காது. சமவெளியில் தேய்ந்த மூடியோடு வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம். இங்கே முடியாது. அதிகம் போனால் சில நூறு ரூபாய், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கொதிநிலையும் உயரும், ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் உறைபனி விழும் ஜனவரி இரவில் பிளாக்கும் பிழைக்கும்.

கொடை ஜீப்:

தெர்மோஸ்டாட் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். இந்தக் கொதிநிலைக் கணக்கை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. ஆனால் குளிரில் டீசல் மெழுகு கட்டுவது உண்மைதானே? மண்ணெண்ணெய் இல்லாமல் அதற்கு என்ன செய்வது?

லே பாதையில்:

லடாக்கில் பழைய டாடா சுமோ ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்திய டீசல் தரத்தில் குளிரில் ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைக்கு ஒரு வரம்பு உண்டு. கோடைக்கு 18 டிகிரி, குளிர்காலத்துக்கு 6 டிகிரி. பெட்ரோல் பங்கில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வரம்பைவிட நன்றாகவே இருக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடியற்காலை சில மணி நேரம் பூஜ்யத்தை ஒட்டிப் போவதால் டேங்க் முழுக்க உறைந்துவிடாது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தாமல் கூரையின் கீழ் நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். லே நிலைமை வேறு. அங்கே இரவு மைனஸ் 20க்குக் கீழும் போகும். டிரைவர்கள் டேங்கின் அடியில் நெருப்பு மூட்டியதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே நடுக்கமாக இருக்கும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. அது கிடைக்கும் இடத்தில் மண்ணெண்ணெய்க்கு வேலையே இல்லை.

சமவெளியிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று: கீழே நிரப்பிய டீசலோடு மேலே போய் இரவு தங்காதீர்கள். மேலே உள்ள பங்கில் நிரப்பி, அது ஃபில்டர் வரை வந்து சேரும் அளவுக்குக் கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

கோவை பம்ப் பட்டறை:

அருமையான குறிப்பு. இப்போது காலை ஸ்டார்ட்டிங். நீலமலைவாசித் தம்பி, நாளைக் காலை ஒரு காரியம் செய்யுங்கள். வேறு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் போய் சைலன்சர் வாயைப் பாருங்கள்.

செல்ஃப் சுற்றும்போது புகையே வரவில்லை என்றால், சிலிண்டருக்கு டீசல் வந்து சேரவில்லை. இரவில் எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்குக்குத் திரும்பிவிட்டது. குளிருக்கும் உயரத்துக்கும் இதில் பங்கில்லை. ஃபில்டர் மேல் இருக்கும் கைப் பம்ப்பைக் கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கும். பிடித்தால் ரப்பர் ஹோஸ், கிளிப், ஃபில்டரின் ஓ ரிங், நாசில்களின் ரிட்டர்ன் டியூப் இவற்றைத் தேடுங்கள். ஹோஸின் வெளிப்புறம் நன்றாக இருப்பதுபோல் தெரியும், கிளிப் கடித்த இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கும்.

வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் வருகிறது, சூடு போதவில்லை. வெள்ளைப் புகை என்பது எரியாமல் ஆவியான டீசல். உங்களுக்கு இதுதான் என்று நினைக்கிறேன். காரணம் உயரமும் சேர்ந்தது: காற்று மெலிந்திருப்பதால் அழுத்திய பிறகும் டீசல் பற்றப் போதுமான அழுத்தம் கிடைப்பதில்லை, உள்ளே போகும் காற்றும் குளிர்ந்தது. அந்தக் குறையை ஈடு செய்வது ஹீட்டர் பிளக். நான்கில் ஒன்று இறந்திருந்தால் திருநெல்வேலியில் உங்களுக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. ஊட்டியில் அந்த ஒரு சிலிண்டர்தான் தட்டித் தட்டி ஓடும்.

இணைப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாக மீட்டரால் ஓம் பாருங்கள். நல்ல பிளக் ஓர் ஓமை ஒட்டிக் காட்டும். முடிவிலி காட்டினால் அது போய்விட்டது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பிளக்கின் உடலில் பொறித்திருக்கும் வோல்ட்டைப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள், சில என்ஜின்களில் 12 வோல்ட்டைவிடக் குறைந்த பிளக் போட்டிருப்பார்கள். இணைப்புத் தகட்டையும் அதன் நட்டுகளையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மலை ஈரத்தில் அங்கே பச்சை பிடித்து, நல்ல பிளக்குக்கும் மின்சாரம் போகாமல் இருக்கும்.

ஒரு வேண்டுகோள்: ஏர் ஃபில்டர் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் அது பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். ரிங்கும் பிஸ்டனும் உடைந்து வந்த வண்டிகளை நான் கையால் பிரித்திருக்கிறேன். தீப்பந்தம் காட்டுவதும் வேண்டாம்.

நுவரெலியா வான்:

ஐயா சொன்ன புகை பார்க்கும் முறையை நான் இன்றே எங்கள் கராஜில் ஒட்டிவைக்கப் போகிறேன். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை, டீசலில் தண்ணீர். இரவில் டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்து சுவரில் நீர் கோக்கும். மாலையிலேயே நிரப்பிவிட்டால் கோக்க இடமிருக்காது. ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் தனியாகத் தெளிந்து நிற்பதுதான் தண்ணீர். மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டும். பம்ப்புக்குள் துரு பிடித்தால் பிறகு எந்தக் கலிப்ரேஷனும் உதவாது.

நீலமலைவாசி:

நண்பர்களே, நடந்ததை எழுதுகிறேன். செல்ஃப் அடித்தபோது வெள்ளைப் புகை நன்றாகவே வந்தது. பிளக்குகளைச் சோதித்ததில் இரண்டாவதும் நான்காவதும் முடிவிலி காட்டின. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் உள் மடிப்பு முழுக்கக் கரி. நாசில்களில் ஒன்று பொடியாகத் தூவாமல் ஒரே கோடாகப் பீய்ச்சியது, சோதனைக் கருவியில் அதை நானே கண்ணால் பார்த்தேன். போன பிளக்குகளோடு நாசில் நான்கையும் மாற்றினோம். பிறகு பம்ப் கோயம்புத்தூரில் பெஞ்சில் ஏறியது. ஊட்டிக்கு என்று சொல்லியே கொடுத்தேன்.

இப்போது குளிர் காலையிலும் பிளக் விளக்கு அணைந்ததும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. ஏற்றத்தில் முழு மிதியில் லேசான சாம்பல் நிறம் மட்டுமே. வேகம் முன்பைவிடக் குறையவில்லை. ஐயா சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் பம்ப்பைக் கழற்றி மாட்டிய பிறகு ஓரத்தில் டீசல் கசிகிறது. அதுவும் உயரத்தாலா?

கோவை பம்ப் பட்டறை:

மகிழ்ச்சி. கசிவு உயரத்தால் வருவதல்ல. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் சீல்கள் புது டீசலில் சுருங்கிவிடும். பி.எஸ்.-6 வந்தபின் பழைய பம்ப்களில் இதை நிறையப் பார்க்கிறோம். சீல் செட்டை வைட்டன் ரப்பரில் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். சாதாரண ரப்பர் போட்டால் மீண்டும் கசியும். டீசல் வெளியே கசியும் இடம், என்ஜின் நின்றதும் காற்று உள்ளே போகும் இடமாகவும் மாறும். தள்ளிப் போடாதீர்கள்.

புகைப் பரிசோதனைக்கு வண்டியைக் குளிராகக் கொண்டுபோகக் கூடாது. என்ஜின் ஆயில் 60 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்க வேண்டும் என்பது விதியிலேயே உண்டு. வீட்டிலிருந்து நேராகப் போகாமல் ஓர் ஏற்றம் ஏறிவிட்டுப் போங்கள். உங்கள் வண்டிக்கு வரம்பு 65 எச்.எஸ்.யு. (புகையின் கருமையை அளக்கும் அலகு). இந்த நிலையில் தாராளமாகத் தேறும்.

லே பாதையில்:

வேறொரு பேச்சு. டர்போ உள்ள பழைய டீசல் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். கர்துங் லா 5359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. குறைந்த காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், சூடும் கூடும். உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காமல், கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் பேரிங் பிழைக்கும். ஆர்.பி.எம். குறைவாக இருக்கும்போது டர்போ காற்றுத் தராது, அதனால் கிளம்பும் முதல் நொடிகளில் உங்களுடையதும் டர்போ இல்லாத வண்டிதான். ஏற்றத்தில் கிளட்சை எரிப்பது அங்கேதான் நடக்கிறது.

தேயிலைத் தோட்டம்:

இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். குன்னூர் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு நானே பழைய டீசல் ஜீப் ஓட்டுகிறேன். எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பயம் இறங்குவதில்தான். இறக்கத்தில் பிரேக் மிதி மரக்கட்டைபோல் இறுகியிருக்கிறது. லைனிங் புதிது. சமவெளிக்குப் போனால் இந்த இறுக்கம் குறைந்ததுபோல் தோன்றுகிறது. என் மனப்பிரமையா?

கோத்தகிரியான்:

பிரமை இல்லை, சகோதரி. மிக முக்கியமான கேள்வி இது. ஐயா, இதை நீங்களே சொல்லுங்கள்.

கோவை பம்ப் பட்டறை:

அம்மா, நீங்கள் உணர்ந்தது உண்மை. பிரேக் பூஸ்டர் காலுக்கு உதவுவது ஒரு பக்கம் வெற்றிடம், மறு பக்கம் வெளிக்காற்று என்ற வித்தியாசத்தால். தள்ளுவது வெளிக்காற்று. அதன் அழுத்தமே ஊட்டி உயரத்தில் நாலில் ஒரு பங்கு குறைவு என்றால் பூஸ்டரின் உதவியும் அதே அளவு குறையும். நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கே இப்படி. வெற்றிடப் பம்ப்பும் தேய்ந்திருந்தால் மிதி கட்டையாகத்தான் இருக்கும்.

பெட்ரோல் வண்டி வெற்றிடத்தை என்ஜினிலிருந்தே எடுத்துக்கொள்ளும். டீசலில் அதற்குத் தனிப் பம்ப் வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும். ஒரு மெல்லிய குழாய் வழியாக என்ஜின் ஆயில் அதற்குள் போகும், தடித்த ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். அங்கே மூன்று இடங்களைப் பாருங்கள். ஆயில் திரும்பும் ஹோஸ் மடங்கியோ அடைத்தோ இருந்தால் ஆயில் தேங்கி, சீல் வழியாக ஆல்டர்னேட்டருக்குள் புகும். பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் உட்புறம் பிசுபிசுத்து, உறிஞ்சும்போது தட்டையாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, என்ஜின் ஓடும்போது கையால் பிடித்துப் பாருங்கள். மூன்றாவது, நடுவில் இருக்கும் ஒரு வழி வால்வு.

வண்டி நின்ற நிலையில் சோதிக்கும் முறை இது. என்ஜினை அணைத்துவிட்டு மிதியைப் பலமுறை அழுத்தி வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். மிதி இறுகியதும் அதன் மேல் காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் வரவில்லை. இறங்குகிறது, ஆனால் வெகு மெதுவாக என்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது.

தேயிலைத் தோட்டம்:

சோதித்தேன். இறங்குகிறது, ஆனால் மெதுவாக. ஆல்டர்னேட்டரின் அடியில் ஆயில் ஈரமும் இருக்கிறது. பட்டறையில் கொடுக்கிறேன். அதுவரை ஓட்டலாமா?

கோவை பம்ப் பட்டறை:

ஆட்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போகாதீர்கள். பம்ப் சரியாகும்வரை தோட்டத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி செய்த பிறகும் சில விஷயங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் கணக்கு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது முதல் கியர், இரண்டாம் கியர் என்று சொல்வது வேடிக்கைக்காக இல்லை. அந்த வழியில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், அணைத்துவிட்டு உருட்டுவதும் கூடவே கூடாது. அணைத்தால் வெற்றிடப் பம்ப்பும் நிற்கும், இரண்டு மூன்று மிதியோடு உதவி தீர்ந்துவிடும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், மழை அதிகமுள்ள உங்கள் ஊரில் இன்னும் சீக்கிரமாகவே. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140ஐ ஒட்டியே கொதிக்கத் தொடங்கலாம். நீண்ட இறக்கத்தில் டிரம் அந்தச் சூட்டுக்கு எளிதில் வரும். கொதித்தால் மிதி அப்படியே தரை வரை போகும்.

கடைசியாக ஃபேன் பெல்ட். உங்கள் வெற்றிடப் பம்ப் ஆல்டர்னேட்டரோடு ஒட்டியது என்பதால், பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், பிரேக் உதவியும் போகும். இறக்கத்தில் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தால் ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள். கியரைக் குறைத்து உடனே ஓரம் கட்டுங்கள். ஒரு புது பெல்ட்டும், அதை மாட்டத் தேவையான ஸ்பேனரும் சீட்டுக்கடியில் எப்போதும் இருக்கட்டும்.

தேயிலைத் தோட்டம்:

பெல்ட்டைப் பார்த்தேன் ஐயா. உட்புறம் முழுக்க வெடிப்பு. நாளைக் காலை பட்டறை திறந்ததும் பம்ப்போடு சேர்த்து அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

கோவை பம்ப் பட்டறை:

மாற்றிய பிறகு பழைய பெல்ட்டின் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. பழைய ஜீப்களில் ஆல்டர்னேட்டரை மாற்றியிருந்தால் பெல்ட் நீளமும் மாறும், புத்தகத்து நம்பர் பொருந்தாது. வெற்றிடப் பம்ப்பின் ஆயில் குழாய் வாஷர் செம்பு, அதையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.